இடக்கண்ணுக்குப் பூசிய கிறீம்

ஒரு சாமானை வீணாக்குவது எனக்குப் பழக்கமில்லை, விதானையார். அதனால்தான், அறைக்குள் என் தங்கை சீதேவி முகத்தைப் பொத்திக்கொண்டு துடிக்க, பக்கத்து வீட்டு நல்லம்மா வண்டில் பிடிக்க ஒழுங்கையில் ஓட, நான் குசினி மூலையில் குந்தியிருந்து, கண்ணுக்குக் கீழே பூசுகிற அந்த யேர்மன் கிறீமின் மேற்படையைத் தேக்கரண்டியால் அவசரமாக வழித்து அடுப்புக்குள் போட்டுக்கொண்டிருந்தேன். அடியில் இருந்தது வெள்ளையாக, நல்லதாக இருந்தது. அதை மூடி அலுமாரிக்குள் வைத்துவிட்டுத்தான் அவளிடம் போனேன்.

கிராம சேவகராக எனக்கு நற்சான்றிதழ் தருவதற்கு முன், தங்கச்சியின் கண்ணுக்கு உண்மையில் என்ன நடந்தது என்று கேட்டீர்கள். எட்டு மாதமாக நயினாதீவில் ஒருவரும் கேட்கவில்லை. தூசி விழுந்தது என்று நான் சொன்னதோடு எல்லாரும் நின்றுவிட்டார்கள். கேட்ட மனிதருக்குச் சொல்லாமல் விடுவது மரியாதை இல்லை.

எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது, சீதேவிக்கு இருபத்தொன்பது. அம்மா போன பிறகு அவளுக்குத் தலை இழுத்துப் பின்னிப் பள்ளிக்கு அனுப்பியது நான்தான். எனக்கு இரண்டு சம்பந்தம் பொருந்தி, நாள் வைக்கிற நேரத்தில் யாரோ போட்ட மொட்டைக்கடிதத்தால் குழம்பின. உங்களுக்குத் தெரியாததா? கலியாணப் பேச்சு வாசலைத் தாண்டினால், அதைக் குழப்ப ஒரு கடிதத்தாளும் ஒரு முத்திரையும் போதும். அதற்குப் பிறகு என்னைக் கேட்டு ஒருவரும் வரவில்லை.

ஆனால் மூத்தவள் இருக்க இளையவளைக் கட்டிக்கொடுக்க மாட்டேன் என்று யேர்மனியிலிருந்து அண்ணர் பரமலிங்கம் எழுதியிருந்தார். அது எனக்குப் பெரிய ஆறுதல். எங்கள் ஒழுங்கையில் பதினொரு வீடு. ஏழு பூட்டிக் கிடக்கின்றன. சனம் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்க்கொண்டே இருக்கிறது. சீதேவி மட்டும் நின்றால் போதும், அந்த வீட்டில் இன்னொரு ஆள் மூச்சுவிடுகிற சத்தம் கேட்டால் போதும் என்று நான் இருந்தேன்.

போன ஐப்பசியில் கலியாணப் புரோக்கர் சிவகுரு வீட்டுக்கு வந்தார். நான் தேத்தண்ணியோடு வர, அவரும் சீதேவியும் பேச்சை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு அண்ணருடைய கடிதங்கள் அவளுடைய றங்குப்பெட்டிக்குள் பூட்டுப்பட்டன. கார்த்திகையில் யேர்மனியிலிருந்து லீவில் வந்த ஒருவர் ஒரு பார்சல் கொண்டுவந்தார். என்னவென்று கேட்டேன். கால்வெடிப்பு மருந்து என்றாள். கால்வெடிப்பு மருந்துப் போத்தலில் எதற்கு ஒரு பெண்ணின் கண் படம்?

பின்னேரம் குளித்துவிட்டு வந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நிற்பாள். முழங்கை மட்டும் எழும்பி எழும்பி இறங்கும். என்னைத் தாண்டித் தன் கலியாணத்தை ஒப்பேற்றுகிறாள் என்று விளங்கிக்கொண்டேன். வேறெப்படி விளங்குவது?

மார்கழி பிறந்து ஒரு நாள், முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் முன்னால் வந்து குந்தினாள்.

"அக்கா, என்ர முகத்தை வடிவாய்ப் பாருங்கோ. கண்ணுக்குக் கீழ ஏதும் வித்தியாசம் தெரியுதோ?"

தெரிந்தது. இடக்கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்புக் கலைந்து, மெல்லிய சுருக்கங்கள் போன இடம் தெரியவில்லை. மற்றக் கண்ணை நான் பார்க்கவில்லை. ஒரு பக்கமே எனக்குப் போதுமாக இருந்தது.

"ஒண்டும் தெரியேல்லை," என்றேன். "வயசு போனால் உது வரும்தானே. பூசி என்ன, மெழுகி என்ன?"

அவள் சிரித்தாள். "பொறுங்கோ, இன்னும் ஒரு கிழமை பாப்பம்."

ஒரு கிழமையில் மாப்பிள்ளைக்குப் படம் பிடித்து அனுப்பப் போகிறாள் என்று நினைத்தேன். எங்கள் பின்வேலியில் கள்ளி நிற்கிறது. முகம் வீங்கினால் படம் பிடிக்க ஏலாது. ஒரு மாதம் தள்ளிப்போனால் வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு வேறு பத்துப் படங்கள் போய்விடும். மறுநாள் அவள் கிணற்றடியில் நின்ற நேரம் கள்ளிப்பாலை எடுத்துக் கிறீமின் மேற்படையில் கலந்தேன்.

வீக்கத்தை மட்டும்தான் நினைத்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்பக்கூடும். ஆனால் இரண்டு வருடத்துக்கு முதல் எங்கள் செவலைக் கன்று அதே கள்ளியில் முகத்தை உரசிக் கண்ணைக் கெடுத்தது. அதைத் தண்ணீரால் கழுவிக் கழுவிக் காப்பாற்றப் பார்த்தது நான்தான். அறியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன்.

அன்று பின்னேரம் சீதேவி பூசிவிட்டுத் துடித்தபோது, நல்லம்மாவும் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கண்ணைக் கழுவச் சொன்னா. தண்ணீர் பட்டால் கூடிவிடும், டாக்குத்தர் பார்க்கும்வரை ஒருவரும் தொடக்கூடாது என்று மறித்தேன். நான் சொன்னதைக் கேட்டார்கள். தீவிலிருந்து கரைக்குப் போகிற கடைசி லோஞ்சுப் படகு போய்விட்டது. அடுத்த நாள் குறிகட்டுவானுக்குப் போய் பஸ் எடுத்தோம். வழியில் ஆமி சோதனை, பிறகு ஊரடங்கு. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச்சேர மூன்றாம் நாளாகிவிட்டது.

டாக்குத்தர் ஒரேயொரு கேள்வி கேட்டார். மற்றக் கண்ணுக்கு ஒரு கீறல்கூட இல்லை, அதெப்படி இது மட்டும்? தூசி ஒரு கண்ணில்தானே விழும் என்றேன். ஆனால் அந்தக் கேள்வி எனக்கும் இருந்தது. மேற்படை முழுக்க ஒரே மாதிரித்தான் கலந்தேன்.

பதில் சில நாள் கழித்துத்தான் கிடைத்தது. இடக்கண்ணில் பஞ்சும் கட்டும் போட்டிருந்த சீதேவி, கழுத்து நூலில் கிடந்த றங்குப்பெட்டித் திறப்பைக் கழற்றித் தந்தாள். போய்க் கடிதங்களை எடுத்துப் படிக்கச் சொன்னாள். இனி மறைக்க ஏலாதாம்.

ஊருக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். அண்ணருடைய எழுத்து. மாப்பிள்ளை தன்னோடு வேலை செய்கிறவர், நாற்பத்தைந்து வயது, அனுப்பிய படத்தைப் பார்த்துச் சம்மதித்துவிட்டார். படம் மீனாம்பிகையின் படம். என்னுடையது. முன்னர் இரண்டு சம்பந்தம் வெளியில் தெரிந்து குழம்பியபடியால், சாதகக் குறிப்புப் பொருத்தம் பார்த்து முடியும்வரை அவளுக்கே சொல்லாதே. கண்ணுக்குக் கீழே களைத்த மாதிரி இருக்கிறது, இந்தக் கிறீமை எப்படியாவது பூசப் பண்ணு.

திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போய் அவளுடைய கட்டிலில் இருந்தேன். நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள்.

"போனமுறை அண்ணை அனுப்பின பவுடருக்கு உங்கட முகம் முழுக்கப் பொங்கினதெல்லோ? அதுதான் முதல்ல நான் ஒரு கண்ணுக்கு மட்டும் பூசிப் பாத்தனான். மற்றதோட ஒப்பிட்டுப் பாத்து, நல்லதெண்டால் உங்களுக்குத் தாறதெண்டு."

வீட்டுக்கு வந்ததும் அவள் அலுமாரியைத் திறந்து போத்தலை எடுத்தாள். தேக்கரண்டி வழித்த தடத்தை ஒற்றைக் கண்ணால் கனநேரம் பார்த்தாள். பிறகு மூடி என் கையில் வைத்தாள்.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ, அக்கா. கலியாணம் குழம்பிப்போயிடும்."

நீங்களும் சொல்ல மாட்டீர்கள், விதானையார். ஒரு குமரின் கலியாணத்தைக் குழப்பிய பழி இந்த ஊரில் யாருக்கு வேண்டும்? பேனையை மூட வேண்டாம். பாஸ்போட்டுக்கு இந்தச் சான்றிதழ் வேண்டும், அடுத்த மாதம் நான் கொழும்புக்குப் போக வேண்டும்.

சீதேவியை நினைத்துக் கவலைப்பட ஒன்றுமில்லை. கன்று இருக்கிறது, கிணறு இருக்கிறது, நல்லம்மா இருக்கிறா. இனி அவளைக் கேட்டு யார் வரப்போகிறார்கள்? தனிய இருப்பது அப்படியொன்றும் பெரிய காரியமில்லை என்று இப்போது எனக்குப் படுகிறது. அவளுக்கும் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

கிறீம் பிரயோசனமானதுதான், அதை நான் கண்ணால் கண்டேன். மிச்சத்தைப் போகிறதுக்கு முன் பூசி முடிக்க வேண்டும். என்றாலும் கள்ளிப்பால் அடிவரை இறங்கியிருக்குமோ என்று எனக்கு ஒரு பயம். அதனால் ஒரு கிழமையாகச் சீதேவிதான் பூசிப் பார்க்கிறாள். நான் கேட்டதும் வலக்கண்ணைக் காட்டினாள்.