முட்டைக்குள்ளிருந்து பார்த்த நண்டு

— நண்டா? கணவாய்க் குஞ்சுக்கு நண்டு குடுத்துப் பாக்கலாம்னு உனக்கு யாரு சொன்னா?

— யாரும் சொல்லலைங்க. பொரிஞ்சு வந்ததுலேருந்து இறால் குஞ்சத் தொடவே மாட்டேங்குது. வேற ஏதாவது குடுப்போமேன்னு சும்மா சொன்னேன்.

— சும்மா சொல்றவ புழுன்னு சொல்லியிருக்கலாம், மீன் குஞ்சுன்னு சொல்லியிருக்கலாம். நீ குறிபாத்து நண்டுன்னு சொல்ற.

— இந்தா பாருங்க, கட்டுன பொண்டாட்டியப் போலீஸ்காரன் மாதிரி கேக்காதீங்க. நகம் அளவுகூட இல்லாத உசுரு, பாதி வெளிறிப் போயி அடியில கெடக்கு. இதுகளும் போச்சுன்னா முதலாளி இந்தத் தொட்டி அறைய இழுத்து மூடிருவாரு. நாம ரெண்டு பேரும் தெருவுலதான் நிக்கணும்.

— அது எனக்குத் தெரியாதாக்கும். பேச்ச மாத்தாத. தாய்க் கணவாய் மையப் பூசி முட்டையக் கருகருன்னு இடுது. அப்புறம் என்ன ஆகும்? நீயே சொல்லு.

— நாளாக நாளாக ஊதிப் பெருத்து, தோல் மெலிஞ்சு கண்ணாடி மாதிரி ஆயிரும். உள்ள இருக்கிற குஞ்சு வெளிய வேடிக்க பாக்க ஆரம்பிச்சுரும்.

— என்னத்தப் பாக்குதோ?

— பொரிஞ்சதும் அதையே தேடித் திங்கும். நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க.

— அப்படி வா வழிக்கு. அதுக்குத்தான் தொட்டிக்குப் பக்கத்துல இறால் ஜாடிய வச்சேன். இப்ப இறால் வேண்டாங்குதுன்னா, அதுக கண்ணுல வேற எதுவோ பட்டிருக்கு. அது நண்டுன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு. நண்டு தானா நடந்தா வந்துச்சு?

— கடல் தண்ணி வர்ற குழாய் வழியா வந்திருக்கும்.

— கதை விடாத. குழாய் வாயில வலை கட்டுனதே நீதான். போன வாரம் உன் கையில நண்டு வாடை அடிச்சுது. கேட்டதுக்குச் சோப்பு மாறிப் போச்சுன்ன. நானும் நம்பித் தொலைச்சேன்.

— நல்ல மூக்குதான்.

— மூக்கு மட்டுமில்ல, மூளையும் இருக்கு. தூண்டிலுக்கு இரையா நண்டுக் குட்டிய ஜாடியில போட்டுத் தூக்கிக்கிட்டுத் திரியறவன் இங்க ஒருத்தன்தான். என்கூடப் பொறந்தவன்.

— உங்க தம்பிய நீங்க வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு துரத்தி ரெண்டு வருஷமாச்சு. அவரு எப்படி வருவாரு?

— துரத்தாம? அவன் மாட்டுன பம்பு நின்னு போயித்தான அந்தத் தடவ ஒரு முட்டை மிஞ்சாம அழுகுச்சு. அவன் நிழல்கூட இங்க விழக் கூடாதுன்னுதான் வாசல்லயே நாற்காலி போட்டு ஒக்காந்திருக்கேன். ஈ காக்கா உள்ள போகல. போனது நீ, நான், தரை கழுவுற அம்மா. அவ்வளவுதான்.

— ம்.

— என்ன ம்? ஏன் மூஞ்சி இப்படிப் போகுது?

— ஒண்ணுமில்ல. பாக்க வந்தவங்களுக்கு அன்னைக்கு ஆண் கணவாயப் பத்தி ஒண்ணு சொன்னீங்களே, அத ஒரு தடவ சொல்லுங்க.

— இப்ப அதுவா முக்கியம்?

— சொல்லுங்களேன்.

— பெரிய ஆண் பொட்டைக்குப் பக்கத்துலயே நின்னு காவல் காக்கும். சின்னதால அதோட மல்லுக்கட்ட முடியாது. அதனால கையச் சுருக்கி, நிறத்த மாத்தி, பொட்டை மாதிரியே வேஷம் போட்டு, காவல்காரன் மூக்குக்குக் கீழயே உள்ள பூந்துரும். அந்த மடையனும் பொட்டைதான்னு நெனச்சு... அடிப்பாவி.

— மடையன்னு நான் சொல்லல.

— தரை கழுவுற அம்மா?

— மகளுக்குப் பிரசவம்னு என்கிட்ட சொல்லிட்டு ஊருக்குப் போயிட்டாங்க. அவங்க நீளக் கோட்டு, முகமூடி, ரப்பர் பூட்ஸு எல்லாம் இங்கதான் தொங்குச்சு. பம்பு மறுபடி இரும ஆரம்பிச்சுது. நீங்க முதலாளியப் பாக்கப் போயிருந்தீங்க. நான் யாரக் கூப்பிடுவேன்? அதையெல்லாம் உங்க தம்பிக்கு மாட்டி விட்டேன். ஒரே நாள்ல முடியல, தெனமும் வந்து பம்புல ஒவ்வொரு பாகமா மாத்துனாரு. ஜாடிய எங்க வைக்கிறதுன்னு தெரியாம உங்க இறால் ஜாடிக்கு முன்னாடியே வச்சிட்டாரு. நானும் கவனிக்கல. அது என் தப்புதான்.

— சக்கர வியாதியோட அந்தம்மா நாளெல்லாம் நின்னுக்கிட்டே வேலை செய்யுதே, பாவம்னு நான் தெனமும் ஜன்னல் வழியா டீ குடுத்தேன்.

— குடுத்தீங்க.

— அத அவனா வாங்கிக் குடிச்சான்?

— கடைசிச் சொட்டு வரைக்கும். பம்பு சரியான பிறகும் வந்தாரு. இனிமே எதுக்குன்னு கேட்டேன். அண்ணன் கையால டீ கிடைக்குதே அண்ணின்னாரு.

— ரெண்டு பேருமாச் சேந்து நல்லா ஏமாத்தியிருக்கீங்க. அவன்தான்னு தெரிஞ்சிருந்தா கால ஒடிச்சிருப்பேன்.

— ஒடிங்க. பின் கேட்டுல நண்டு ஜாடியோட நிக்கிறாரு. குஞ்சுக சாகுறதுக்குள்ள கூப்பிடவா?

— நான் கூப்பிட மாட்டேன். தெரிஞ்சு ஒரு நாளும் அவன உள்ள விட்டிருக்க மாட்டேன்.

— அப்படியா? அப்புறம் எதுக்குங்க, சக்கர வியாதிக்காரம்மாவோட டீயில தெனமும் மூணு ஸ்பூன் சக்கர போட்டீங்க?