மண் காயும் வரை

புல்லுக்குத் தண்ணீர் விடுவதில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். தினமும் மேலோட்டமாகத் தெளித்தால் வேர் சோம்பேறியாகிவிடும். வாரத்துக்கு இரண்டு நாள், ஒரு சாண் ஆழத்துக்கு மண் நனைகிற மாதிரி விட வேண்டும். இருபத்தெட்டு வருஷம் விளையாட்டு மைதானத்தில் புல் பார்த்தவன் நான். அன்றைக்கு ஏன் தண்ணீர் விட்டாய் என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பதுதான் எனக்கு விளங்கவில்லை ஐயா. அது தண்ணீர் விடும் நாள்.

எங்கள் வீட்டுப் பின்புறம் சுத்தக் களிமண். ஓய்வு பெற்ற புதிதில் மெல்லிய இலைப் புல் வைத்துப் பார்த்தேன். குளிர்ப் பிரதேசத்துக்குத்தான் அது லாயக்கு. ஒரே கோடையில் கருகிப் போயிற்று. பிறகு வெயில் தாங்கும் அருகம்புல்லுக்கு மாறினேன். கம்பியால் மண்ணைக் குத்தித் துளை போட்டு, மணல் பரப்பி, இரண்டு வருஷத்தில் ஒரு வழிக்குக் கொண்டுவந்தேன். களிமண்ணில் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. ஈரமாக இருக்கும்போது அதன்மேல் பாரம் ஏற்றக் கூடாது. ஏற்றினால் இறுகிச் செங்கல்லாகிவிடும். அப்புறம் வேர் மூச்சுவிட முடியாது.

மூன்றாவது வருஷம் அண்ணன் வந்தார். பேருந்து ஓட்டுநராக இருந்தவர். பக்கவாதத்தில் வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று. மிஞ்சியது ஒரே சொல், தம்பி. பசித்தாலும் தம்பி, கொசு கடித்தாலும் தம்பி, படுக்கை நனைந்துவிட்டாலும் தம்பி. "தண்ணி வேணுமாண்ணே? திரும்பிப் படுக்கணுமா? ஜன்னலச் சாத்தணுமா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். சரியானது வரும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். சரியாகச் சொல்லிவிட்டாலும் அதற்கும் தம்பிதான்.

"ஒரே ஒரு மாசம் சித்தப்பா, வீடு மாத்தினதும் அப்பாவக் கூட்டிட்டுப் போயிடுறேன்" என்று சொல்லித்தான் அவர் மகள் விட்டுப் போனாள். ஆறு வருஷம் ஆயிற்று. போன வருஷம் அவளிடம் ஃபோனில் அழுதே விட்டேன். "என்னால தூக்க முடியலம்மா. முதுகு விட்டுப்போச்சு."

"எனக்கு மட்டும் எத்தன கை இருக்கு சித்தப்பா?" என்றாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. முதியோர் இல்லத்தில் பெயர் கொடுத்திருந்தேன். இடம் வந்தால் கூப்பிடுகிறோம் என்றார்கள். கூப்பிடவில்லை.

வெளிக்காற்றில் உட்கார வையுங்கள் என்று டாக்டர் சொன்னதால், தினமும் காலையில் சக்கர நாற்காலியைப் புல்லின் குறுக்கே தள்ளிப் போய், மரத்துக்கு மேற்கே காலை நிழல் விழும் இடத்தில் நிறுத்துவேன். இடது காலைச் செருப்பிலிருந்து உருவிப் புல்மேல் வைத்துக்கொள்வார். அவருக்கு அது பிடிக்கும். ஆனால் சக்கரம் போன வழியில் இரண்டு மஞ்சள் கோடுகள் விழுந்துவிட்டன. நான் மண்ணைக் குத்திப் புதுப் புல் பதிப்பேன், மறுநாள் சக்கரம் அதை அமுக்கிவிடும். அந்த வீட்டில் நான் செய்ததற்குப் பலன் காட்டியது புல் ஒன்றுதான் ஐயா. அதிலும் இரண்டு கோடு.

என் நோட்டை எடுத்து வைத்திருக்கிறீர்கள். மரத்தின் நிழல் எந்த மணிக்கு எங்கே விழும் என்று வரைந்திருப்பது உண்மை. புல் வைக்கிற எவனும் அதைத்தான் முதலில் செய்வான். அதைத் திட்டம் என்று நீங்கள் எழுதுவது நியாயமில்லை. ஒன்பது மணிக்கு அவரை நிழலில்தான் விட்டேன். பதினொன்றுக்கு அங்கே நிழல் இருக்காது என்று தெரியுமா என்றால், தெரியும்.

அன்று மோட்டார் தகராறு செய்து ஒன்பதரைக்குத்தான் ஓடியது. அவரைச் சுற்றி நன்றாகத் தண்ணீர் விட்டேன். பிறகு, வெட்டும் இயந்திரத்தின் பிளேடைச் சாணை பிடிக்கக் கடைக்குப் போனேன். திரும்பும்போது மணி பன்னிரண்டு.

சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவர் வெயிலில் இருந்தார். தம்பி என்றார். இறங்கிப் போய், ஓரத்தில் குந்தி, மண்ணைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். குழைந்து ஒட்டியது. அந்த ஈரத்தில் அவ்வளவு பாரத்தைத் தள்ளினால் ஆறு மாத உழைப்பு பாழ். உள்ளே வந்துவிட்டேன். ஒரு மணிக்கு மறுபடி போய்ப் பார்த்தேன். அப்போதும் ஒட்டியது. அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா மதில் மேலாகக் கேட்டது ஒன்றரைக்கு. "அண்ணன் ரொம்ப நேரமாக் கூப்பிடுறாரே, காதுல விழலையா?"

"இதோ போறேம்மா" என்றேன். அந்தம்மா உங்களிடம் சொன்னது அத்தனையும் சரி. நான் சாப்பிட உட்கார்ந்தேன்.

ஒரு குடை பிடித்திருக்கலாம், ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்திருக்கலாம் என்கிறீர்கள். கொடுத்திருக்கலாம். நடந்து போவதற்கு என் பாரம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் பக்கத்தில் போனால் கையைப் பிடித்துக்கொள்வார். பிடித்தால் விடமாட்டார்.

மூன்றரைக்கு மண் விரலில் ஒட்டவில்லை. அப்போது போனேன். புல்லில் புதிதாக ஒரு தடம்கூட விழவில்லை, நீங்களே பார்த்திருப்பீர்கள். அண்ணன் என்னைக் கூப்பிடுவதை நிறுத்தி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. தலையைத் தொங்கப் போட்டிருந்தார். கோபம்போல என்று நினைத்தேன். அது ஆறட்டும் என்று நானும் எதுவும் பேசாமல், மெதுவாகத் தள்ளிக்கொண்டு வந்தேன்.