மூன்று ஸ்பூன் சர்க்கரை

எனக்கு டீயில் மூன்று ஸ்பூன் சர்க்கரை வேண்டும். நேற்று மருத்துவமனையின் விசாரணை அறையில் நீங்கள் வரவழைத்துக் கொடுத்த டீயில் ஒன்றுதான் இருந்திருக்கும். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். எங்கே தொடங்குவது என்று யோசித்துக்கொண்டே குடித்தபோது சர்க்கரைதான் முதலில் நினைவுக்கு வந்தது. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரத்த அணுக்களை எண்ணும் இயந்திரத்தை மூன்று நாளாகப் பிரித்துப் போட்டுப் பார்க்கிறீர்கள். பாவம், அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை. பதினொரு வருடமாக அதைத் துடைத்து, கழுவி, காலையில் ஓட்டிப் பார்த்து, மாலையில் மூடி வைப்பவன் நான். கொடுத்த ரத்தத்தை அது சரியாகத்தான் எண்ணியது.

லேப்பில் எனக்குக் 'கொசு' என்று பெயர். நான் ரத்தம் எடுத்தால் கொசு கடித்த அளவுகூட வலிப்பதில்லை என்று ஒரு பெரியவர் சொல்லிவிட்டுப் போனார்; கூட வேலை செய்பவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். என் தங்கைக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடித்துப்போயிற்று. அண்ணா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள். பயம் வந்தால் மட்டும்தான் அண்ணா.

அவளுக்கு இருபத்தாறு வயதில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வந்தது. உடம்பைக் காவல் காக்க வேண்டிய வெள்ளணுக்களே நரம்புகளின் மேலுறையை அரித்துத் தின்னும் நோய். வரும், போகும். ஒரு மாதம் பார்வை மங்கும், பிறகு தெளியும். இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும், பிறகு மெல்ல நடக்க வரும். ஆனால் போகும்போது ஒவ்வொரு முறையும் எதையாவது கொஞ்சம் எடுத்துக்கொண்டுதான் போகும். அப்பாவும் அம்மாவும் ஏற்கெனவே காலமாகிவிட்டார்கள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஒன்பது வருடம் நான் பார்த்துக்கொண்டேன். குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன், தலை வாரிவிட்டேன், வாரம் மூன்று நாள் ஊசி போட்டேன். என் ஊசி வலிக்காதுதான். உள்ளே போன பிறகு அந்த மருந்து எரியும். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. அவள் கட்டில் சட்டத்தில் ஒரு மணிப் பொத்தான் ஒட்டியிருந்தேன். அது அடித்தால், வாயில் வைத்த சோற்றை விழுங்கும் முன்பே நான் எழுந்துவிடுவேன்.

பிறகு மாத்திரை வந்தது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, அவ்வளவுதான். முதல் மாதம் அவள் முகம் குப்பென்று சிவந்தது, வயிறு புரட்டியது. அப்புறம் பழகிப்போயிற்று. ஒரு வருடம் நோய் தலைகாட்டவே இல்லை. கைத்தடியோடு நடந்தாள், பிறகு தடியை எங்கேயோ வைத்துவிட்டு மறந்தாள். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை கிடைத்தது. எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்லும் வேலை. நிலையத்துக்குப் பக்கத்திலேயே மாடியில் ஓர் அறை எடுத்துக்கொண்டாள். "இருபத்திரண்டு படி, கொசு. எண்ணிப் பார்த்துட்டேன்" என்றாள். பெட்டியைத் தூக்க வந்த என்னைத் தொடவே விடவில்லை.

அன்று வீட்டுக்குத் திரும்பியதும் மணியிலிருந்து பேட்டரியைக் கழற்றினேன். ரொம்ப நாளாக நின்றுகிடந்த சுவர்க் கடிகாரத்தில் அதைப் போட்டேன். உட்கார்ந்து சாப்பிட்டேன். யாரும் கூப்பிடவில்லை. மறுபடி கொஞ்சம் போட்டுச் சாப்பிட்டேன். அதைச் சந்தோஷம் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

மாத்திரைக்கு ஒரு நிபந்தனை உண்டு. நரம்பு மருத்துவர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து விளக்கினார்.

"இது வேலை செய்யறதே வெள்ளணுவை அடக்கித்தான். அளவோட அடங்கினா நல்லது. அதுல லிம்போசைட்னு ஒரு வகை, அது ஐநூறுக்குக் கீழ போயிடுச்சுன்னா நிறுத்திடணும். பல பேர் உடம்புல ஒரு வைரஸ் சும்மா தூங்கிட்டிருக்கும். காவல் இல்லைன்னு தெரிஞ்சா எழுந்து மூளைக்குப் போயிடும். அதுக்கு மருந்து கிடையாது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்த்தே ஆகணும்."

நிறுத்தினால் என்ன என்று நான் கேட்டேன். வேறு மருந்து இருக்கிறது, ஆனால் அணுக்கள் ஏறும்வரை சில மாதம் காத்திருக்க வேண்டும், அந்த இடைவெளியில் நோய் திரும்பலாம் என்றார்.

வெளியே வரும்போது தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "குறைஞ்சா சொல்லிடுவல்ல?"

"சொல்லாம என்ன?"

"கால் போனா நீ தூக்குவ. மூளை போனா யாரு தூக்குவா?" சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஆக, அவள் எதைத் தேர்ந்தெடுப்பாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வருடத் தொடக்கத்தில் ஒருநாள் காலை அவளுடைய ரத்தத்தை இயந்திரத்தில் வைத்தேன். நானூற்று முப்பது என்று வந்தது. இயந்திரம் சொல்லும் எண் நேராகக் கணினிக்குப் போய்விடும்; யாரும் அதன்மேல் திருத்தி எழுத முடியாது. ஆனால் ரத்தம் குழாயில் உறைந்துவிட்டது என்று பதிந்தால் அந்த முடிவை ரத்து செய்து, புதிதாக எடுத்து வைக்கலாம். அப்படிப் பதிந்தேன். அது உறையவில்லை.

பிறகு கதவைச் சாத்திவிட்டு என் இடது கையில் ரப்பர் பட்டையைப் பல்லால் இழுத்துக் கட்டினேன். ஊதா மூடி போட்ட குழாய் ஒன்றை எடுத்து என் ரத்தத்தை நிரப்பினேன். அவள் பெயர் அச்சிட்ட சீட்டை அதன்மேல் ஒட்டினேன். ஆயிரத்து முந்நூற்று நாற்பது வந்தது. மருத்துவர் மாத்திரையை மேலும் மூன்று மாதத்துக்கு எழுதிக் கொடுத்தார்.

அவளுக்காகத்தான் செய்தேன் என்று இந்த இடத்தில் ஒரு வரி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன், தாளில் அந்தத் தடம் தெரியும். அவள் படி ஏறுவதை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை என்பது பொய் இல்லை. ஆனால் இயந்திரம் அந்த எண்ணைக் காட்டியபோது என் காதில் விழுந்தது அந்த மணி. பேட்டரி இல்லாத மணி.

ஒருமுறைதான் என்று நினைத்தேன். ஆறுமுறை ஆயிற்று. லேப்பில் ஒரு விதி உண்டு: ரத்தம் எடுத்ததும் நோயாளியின் வாயாலேயே பெயரைச் சொல்லவைத்து, அவர் கண்ணெதிரே சீட்டை ஒட்ட வேண்டும். தங்கையிடமும் நான் விதியை மீறியதில்லை. "பேரைச் சொல்லுங்க" என்பேன். "மகாராணி" என்பாள். பிறகு சொந்தப் பெயரைச் சொல்வாள். ஒட்டிக் காட்டுவேன். அவள் வேலைக்குக் கிளம்பியதும் அந்தக் குழாயை ஒதுக்கி வைத்துவிட்டு, என் கையில் பட்டையைக் கட்டுவேன்.

ஒதுக்கியதை அப்படியே எறியவும் முடியவில்லை. ஒவ்வொரு முறையும் அவள் ரத்தத்தில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் தடவி, நுண்ணோக்கியின் கீழே வைத்துக் கையால் எண்ணினேன். முதலில் இயந்திரம் சொன்ன அதே நானூற்று முப்பது. பிறகு நானூற்றுப் பத்து. முந்நூற்று அறுபது. முந்நூற்று முப்பது. இருநூற்று எண்பது. கடைசியில் இருநூற்று நாற்பது. தெரியாமல் நடந்துவிட்டது என்று யாராவது எனக்காகப் பேச வந்தால், என் மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்து பாருங்கள். தேதியோடு ஆறு தகடுகள் இருக்கின்றன. மூன்றாவதைத் தடவிய நாளிலிருந்து என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. ஆனாலும் நான்காவதையும் தடவினேன்.

என் ரத்தத்தை வைத்து மருத்துவர் அவளுக்கு வைத்தியம் பார்த்தார். ரத்தசோகை சரியாகிவிட்டது, இரும்புச்சத்து மாத்திரை நன்றாகப் பிடிக்கிறது என்று பாராட்டினார். ஆண் பிள்ளையின் ரத்தம், சோகை எங்கிருந்து வரும்? அதோடு, சர்க்கரை எல்லையில் நிற்கிறது, இப்போதே கவனித்தால் நல்லது என்றார்.

அந்தச் சர்க்கரை என்னுடையது. மூன்று ஸ்பூன் போட்டுக் குடிப்பவனுக்கு வேறென்ன இருக்கும்?

அவள் என்னைவிட இனிப்புப் பைத்தியம். ஒலிபெருக்கி அறையில் மேசை நிறைய மிட்டாய் வைத்திருப்பாள், தொண்டை காயக் கூடாதாம். மறுநாளே எல்லாவற்றையும் டிக்கெட் கவுன்டர்க்காரர்களுக்குக் கொடுத்துவிட்டாள். டீயைச் சர்க்கரை இல்லாமல் குடிக்கப் பழகினாள். முதல் மடக்குக்கு முகத்தைச் சுளிப்பாள். "மாத்திரை காலைத் திருப்பிக் குடுத்திருக்கு, சர்க்கரையை எடுத்துக்கிட்டா எடுத்துக்கட்டும்" என்பாள். ஒரு வருடத்துக்கு மேல் அப்படிக் குடித்தாள். நான் எதிரே உட்கார்ந்து என்னுடையதைக் கலக்கிக்கொண்டிருப்பேன்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு காலை, பேருந்து நிலையத்தைக் கடந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவள் குரல் கேட்டது. பதினாறாவது நடைமேடை என்பதை ஆறாவது என்றாள். திருத்திச் சொல்ல முயன்று, மறுபடி ஆறு என்றாள். மூட்டை தூக்கிக்கொண்டு இரண்டு பக்கமும் ஓடிய சனம் சிரித்தது. மூன்றாம் முறை அவளுக்கு 'நடைமேடை' என்ற சொல்லே வரவில்லை. ஒலிபெருக்கி கொஞ்ச நேரம் சும்மா இரைந்தது.

எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. வேலைக்கு நேரமாகிறது என்று நடந்தேன்.

பத்து நாளில் வலது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. இங்கே வார்டில் சேர்த்தோம். மருத்துவர் பழைய அறிக்கைகளைப் புரட்டினார். லிம்போசைட் நன்றாக இருக்கிறது, அதனால் வைரஸாக இருக்காது, பழைய நோய்தான் திரும்பியிருக்கிறது என்று முடிவு செய்தார். அவர்மேல் தப்பே இல்லை. அந்த எண்களைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் முடிவு செய்வார்கள். மாத்திரையை நிறுத்தாமல், ஐந்து நாளைக்கு ஸ்டீராய்டு ஏற்றச் சொன்னார். மிச்சமிருக்கும் காவலையும் அடக்கிவிடும் மருந்து அது. நான் கட்டிலருகே நின்று அது சொட்டுவதைப் பார்த்தேன். ஒரு வாக்கியம் சொன்னால் போதும். மருத்துவர் காலையும் மாலையும் வந்தார், ஐந்து நாளும் வந்தார். என்னிடம் "தைரியமா இருங்க" என்றார். சரி டாக்டர் என்றேன்.

பிறகு முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பார்த்ததில் வைரஸ் தெரிந்தது. வார்டில் எடுத்த ரத்தத்தில் மறுபடி சோகை இருந்தது. இரண்டு மாதத்தில் ஒரு பெண்ணின் ரத்தம் இப்படி மாறுமா என்று யாரோ கேட்டார்கள். நீங்கள் இயந்திரத்தைப் பிரித்தீர்கள். அவள் இருக்கிறாள். கண் திறந்திருக்கிறது. பேச்சு இல்லை, நான் யார் என்பது தெரிகிறதா என்று சொல்ல முடியாது. அவள் கட்டிலிலும் ஒரு மணி இருக்கிறது. அதை அழுத்த அவளுக்குத் தெரியவில்லை.

எல்லாவற்றையும் எழுதிவிடுவதாக நேற்று உங்களிடம் தலையாட்டினேன். ஒன்று மிச்சம் இருக்கிறது.

ஸ்டீராய்டு ஏற்றிய நான்காம் நாள் மதியம் அவளுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. அந்த மருந்து சர்க்கரையை ஏற்றும் என்பதால், ஏற்கெனவே எல்லையில் இருப்பவள் என்று சொல்லிக் கட்டில் தலைமாட்டில் 'சர்க்கரை கூடாது' என்று அட்டை தொங்கவிட்டிருந்தார்கள். அவள் என்னைப் பார்த்து, நாக்கு குழறக் குழற, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள்.

"அண்ணா... டீ. ஒரே ஒரு... சர்க்கரை."

கொசு என்று சொல்லவில்லை.

வார்டுக் கோடியில் டீ போடும் மேடைக்குப் போனேன். இரண்டு டம்ளரில் ஊற்றினேன். சர்க்கரை டப்பாவைத் திறந்து ஸ்பூனை உள்ளே விட்டேன். அப்போது பின்னால் நர்ஸ் வந்து, "அட்டையைப் பார்த்தீங்கல்ல, அவங்களுக்குச் சர்க்கரை போடக் கூடாது" என்றார். அவளுக்குச் சர்க்கரை வியாதி எந்தக் காலத்திலும் எட்டிப் பார்த்ததில்லை என்பது இந்தக் கட்டடத்திலேயே ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரியும். சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்.

தெரியும் சிஸ்டர், இது எனக்கு என்றேன்.

சர்க்கரை இல்லாத டீயை அவளுக்குக் கொடுத்தேன். முதல் மடக்குக்கு முகத்தைச் சுளித்தாள். பாதி குடித்தாள். அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. நான் என் டம்ளரை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய், மூன்று ஸ்பூனும் கரையும்வரை நன்றாகக் கலக்கிக் குடித்தேன்.