ஏழாம் மேசைக்கு எழுதிய புகார்கள்

என் பெயரையும் முகவரியையும் ஆய்வாளர் முதல் தாளில் எழுதிக்கொண்டார். வயது அறுபத்தெட்டு. அச்சகத்தில் இயந்திரம் பழுதுபார்ப்பவனாக முப்பத்தொரு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அடுக்குமாடி வீட்டில் தனியாக வசிக்கிறேன். தற்போது இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் படுத்திருக்கிறேன். இடுப்புதான் உடைந்திருக்கிறது, புத்தி நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டேன்.

இணையத்தில் லேசர் இயந்திரம் விற்கும் கடையின் சேவைப் பிரிவில் வேலை செய்யும் பெண் ஒருவர், என்னை ஏமாற்றும் எண்ணத்தோடு பழகி என் முகவரியை முறைகேடாக எடுத்தார் என்று என் மகன் புகார் கொடுத்திருக்கிறான். அதனால் கடைக்காரர்கள் அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இதை இன்று ஆய்வாளர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்த உடனே சொல்லத் தொடங்கினேன்.

சென்ற வருடம், மரப்பலகையில் எழுத்தும் படமும் பொறிக்கும் சிறிய லேசர் இயந்திரம் ஒன்றை ஒரு கடையில் வாங்கினேன். பெட்டியைப் பிரித்தபோது லென்ஸ் விரிசல் விட்டிருந்தது. கடைக்குப் புகார் எழுதிய ஒரு நிமிடத்தில் 'உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்' என்று பதில் வந்தது. அதன் பிறகு பதினெட்டு நாள் கிணற்றில் போட்ட கல். திருப்பி அனுப்பிவிட்டு இரண்டாவது கடையில் வாங்கினேன். அதன் லேசர் முனை ஒரு பக்கமாக நகரவே இல்லை. வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். அதன் பிறகு வேறொருவர் வந்து வீடியோ கேட்டார். இப்படி ஆறு பேர். ஆறாவது ஆளை வாய்க்கு வந்தபடி திட்டி எழுதினேன். அது ஆளே இல்லை, தானாகப் பதில் அனுப்பும் கணினி என்று பின்னால் தெரிந்தது. அவ்வளவு வசவும் வீண்.

அதையும் திருப்பி அனுப்பிவிட்டு மூன்றாவது கடையில் வாங்கிய இயந்திரம் பலகையின் ஓரத்தைக் கருக்கியது. எழுதினேன். கால் மணி நேரத்தில் 'சேவை மேசை 7' என்ற பெயரில் பதில் வந்தது. "சார், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுட்டுத்தானே ஓட்டுறீங்க? அதை முதல்ல சொல்லுங்க, மெஷினை அப்புறம் பாப்போம்" என்று இருந்தது. நான் போட்டிருக்கவில்லை. எழுந்து போய்ப் போட்டுக்கொண்டு வந்து, போட்டிருக்கிறேன் என்று பதில் எழுதினேன்.

வேகத்தைக் கூட்டி, காற்றுக்குழாயைச் சற்று இறக்கி வைக்கச் சொன்னார். மூன்றாம் நாளே சரியாகிவிட்டது. 'தீர்ந்தது' என்ற பொத்தானை நான் அழுத்தியிருக்க வேண்டும். அழுத்தினால் புகார் மூடிவிடும். அடுத்த முறை எழுதினால் எந்த மேசைக்குப் போகுமோ யாருக்குத் தெரியும். எனவே அழுத்தவில்லை. எழுத்து மங்கலாக விழுகிறது என்று பொய் எழுதினேன். அதன் பிறகு பெல்ட் தளர்கிறது என்றேன், விசிறி இரைகிறது என்றேன், ஒரு குறையும் அகப்படாத நாளில் வயர் சூடாகிறது என்றேன். இப்படி எட்டு மாதம்.

எல்லாவற்றுக்கும் அவர் பொறுமையாகப் பதில் எழுதினார். நடுவில் வேறு பேச்சும் உண்டு. மழைக்கு என் ஜன்னல் ஒழுகுவதைச் சொன்னபோது, தன் தலைக்கு மேலே ஏசி சொட்டுவதைச் சொன்னார். "உங்களுக்கு ஜன்னல், எனக்கு ஏசி. ரெண்டு பேருக்கும் குடைதான் சார் கதி" என்று எழுதினார். அன்று வீட்டில் நான் சத்தமாகச் சிரித்தேன். அவர் பெயரை நான் கேட்டதில்லை. அவரும் என்னிடம் பணமோ சொந்த விவரமோ கேட்டதில்லை. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு செய்திகள் என்று மகன் என் போனைப் பார்த்து எண்ணிக் கொடுத்திருக்கிறான். குறைத்து எண்ணியிருக்கிறான்.

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, அவருக்கு எழுதிவிட்டு, இயந்திரத்தின் புகை வெளியேறும் குழாயைச் சுவரில் மாட்ட ஸ்டூலில் ஏறினேன். ஸ்டூல் சாய்ந்து விழுந்தேன். எழ முடியவில்லை. போன் மேசைமேல் இருந்தது. கத்திப் பார்த்தேன், கீழ்வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. தீப்பிடித்தால் அணைக்க இயந்திரத்தின் அருகில் வைக்கும்படி அவர் சொல்லியிருந்த வாளித் தண்ணீரை அள்ளிக் குடித்தபடி இரண்டு நாள் தரையில் கிடந்தேன். யாரும் தேட மாட்டார்கள் என்று நினைத்தேன். பயமாக இருந்தது. புதன்கிழமை பகல் காவலர்கள் கதவை உடைத்துக்கொண்டு வந்தார்கள்.

வாடிக்கையாளர் நாற்பத்தெட்டு மணி நேரம் பதில் எழுதாவிட்டால் புகார் தானாக மூடிவிடும் என்பது கடையின் விதி. நான் ஒருமுறைகூட அப்படி விட்டதில்லை. புதன்கிழமை மூடியதும், அந்தப் பெண் பார்சல் பதிவிலிருந்து என் முகவரியை எடுத்துக் காவல் நிலையத்துக்குப் போன் செய்திருக்கிறார். அவர் சொன்னதை ஆய்வாளர் எனக்கு வாசித்துக் காட்டினார். "மெஷின் முதல் வாரமே சரியாயிடுச்சுன்னு தெரியும் சார். அவர் அனுப்பின போட்டோலயே எழுத்து சுத்தமா இருந்துச்சு. பேச ஆளில்லாமத்தான் எழுதறார்னு திறந்தே வெச்சிருந்தேன். தானா மூடினதும் பயந்துட்டேன்" என்பது அவர் வாக்குமூலம். நான்தான் அவரை ஏய்த்துக்கொண்டிருப்பதாக எட்டு மாதம் நினைத்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதை இன்னொருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.

மகன் இதெல்லாம் கேட்டுக்கொண்டு அறையில்தான் இருந்தான். வெளியே அனுப்பட்டுமா என்று ஆய்வாளர் கேட்டதற்கு, இருக்கட்டும் என்றேன். "ஞாயித்துக்கிழமை தவறாம போன் பண்றேனேப்பா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றான். அவன் தவறாமல் போன் செய்வது உண்மை. "நல்லா இருக்கேன்னு சொன்னா நீ வெச்சிடுவே. ரிப்பேருன்னு சொன்னா அவங்க வெக்க மாட்டாங்க" என்றேன்.

அந்தப் பெண் என்னை ஏமாற்றவில்லை. பழுதில்லாத இயந்திரத்தைப் பழுது என்று பொய் சொன்னவன் நான். வழக்கு என்றால் என்மேல் போடட்டும். அவரைத் திரும்ப வேலைக்கு எடுக்க, என் பொய்யைக் கடைக்காரர்களுக்கும் எழுதித் தருகிறேன். அவர்மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை.

மேலே உள்ளதை ஆய்வாளர் வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் நடந்தது. படுத்தபடி கையெழுத்துப் போட வராததால், என் மகன் அட்டையைப் பிடித்துக்கொள்ள, ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)