ஊசித்தட்டான் குடும்பங்களும் ஒரு புள்ளிக்கோடும்

அவைக்குத் தலைமை தாங்கும் தகுதிமிக்க தலைவர் அவர்களே! வீட்டில் என் கொழுந்தனாராகவும் மேடையில் என் தலைவராகவும் இருந்து, இரண்டு இடத்திலும் என் சொல்லுக்குத் தலையாட்டிவிட்டுத் தன் இஷ்டப்படியே நடக்கும் பெருந்தகையே! முகம் மலர்ந்தும் முழங்கால் நொந்தும் முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோர்களே! இந்தக் குடும்பத்தில் பிறந்த பெருமக்களே! பிறக்காமல் வந்து, வீட்டையும் பெருக்கி, குடும்பத்தையும் பெருக்கிய தாய்மார்களே! இடம் இருந்தும் உட்காராமல் கதவோரம் நிற்கும் இளவட்டங்களே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

என் பேத்தியின் ஆராய்ச்சியைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். நாலு வார்த்தையில் நான் எதையாவது பேசி முடித்ததுண்டா? அங்கே யார் சிரிப்பது? என் மகன்தானே! சிரி, சிரி. உனக்கும் சேர்த்துத்தான் பேச வந்திருக்கிறேன்.

எனக்குப் பின்னால் தொங்கும் துணியைப் படியுங்கள். "நம் குடும்பத்துக்குப் பெருமை சேர்த்த நம் பெண்." என்ன அழகான எழுத்து! இப்போது கொஞ்சம் கழுத்தைத் திருப்பி அந்த இடப்பக்கச் சுவரைப் பாருங்கள். நம் குடும்ப மரம். ஆளுக்கொரு இலை, இலைக்கொரு காம்பு. காலையிலிருந்து பெயின்டர் தம்பி ஏணியில் நின்று வரைந்துகொண்டிருக்கிறார். என் மகன் இலைக்கும் மருமகள் இலைக்கும் கீழே ஓர் இலை இருக்கிறதே, அதற்குக் காம்பு எங்கே? காம்பு இல்லை. ஏன் இல்லை? என் பேத்தி பெற்ற பிள்ளை அல்ல, எடுத்து வளர்த்த பிள்ளை. ஆகவே அவள் இலைக்குக் காம்பு வேண்டாம், புள்ளிக்கோடு போதும் என்று நம் குடும்பச் சங்கத்துச் செயற்குழு சொல்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு கை தூக்கி முடிவு செய்யப் போகிறார்களாம். வயிறு நிறைந்தால் வாய் மூடிக்கொள்ளும் என்ற கணக்கு! அதனால்தான் வயிறு காய்ந்திருக்கும்போதே பேச வந்தேன்.

முதலில் பூச்சி. கொடுத்த தலைப்பை விட்டு ஓட மாட்டேன்.

என் பேத்தி வேலை பார்க்கும் இடம் ஒரு நீண்ட அறை. சுவர் முழுக்க இழுப்பறைகள், அறை முழுக்க அந்துருண்டை வாசனை. கண்ணாடித்தாள் உறைகளுக்குள் ஊசிபோல உடம்பும் பூப்போல இறகுமாகப் பூச்சிகள். முதல்முறை போனபோது, "இதென்னடி, தட்டானைப் பிடிச்சு அடைச்சு வெச்சிருக்க?" என்றேன்.

"தட்டான் இல்ல பாட்டி, ஊசித்தட்டான். ரெண்டும் வேற."

"ரெண்டுக்கும் நாலு இறகு, ரெண்டும் தண்ணி ஓரம் சுத்துது. அப்புறம் என்ன வேற?"

"தட்டான் உட்கார்ந்தா இறகை விரிச்சு வைக்கும். இது முதுகு மேல மடிச்சு வைக்கும். கண்ணு ரெண்டும் ஒண்ணை விட்டு ஒண்ணு தள்ளித் தள்ளி இருக்கும்."

"உங்க சின்னத் தாத்தா மாதிரியா?"

தலைவர் அவர்கள் பொறுத்தருள வேண்டும். பேத்தி அன்று சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார்.

ஊசித்தட்டானில் மட்டும் எத்தனை குடும்பங்கள் தெரியுமா? ஆமாம், அவர்களும் 'குடும்பம்' என்றுதான் சொல்கிறார்கள்! நாம் சொல்லும் அதே சொல்! அகன்ற வண்ண இறகை அசைத்து ஓடைக்கரையில் ஒய்யாரம் காட்டும் குடும்பம் ஒன்று. உடம்பு குட்டை, இறகு நெட்டை என்று ஒன்று. காலில் சீப்புப் பல்லாக மயிர் சிலிர்த்து நிற்கும் குடும்பம் இன்னொன்று. குளத்திலும் குட்டையிலும் கூட்டம் கூட்டமாகத் திரியும் ஆகப் பெரிய குடும்பம் வேறு, நம்மைப் போல. அப்புறம் இன்னொரு குடும்பம் இருக்கிறது, பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. ஊசித்தட்டான்தான், ஆனால் இறகை மடிக்காது. பாதி விரித்துக்கொண்டே உட்காரும். "எங்கள் வழக்கப்படி உட்காராத நீ எங்கள் இனமே இல்லை" என்று அதை யாராவது விரட்டினார்களா? அதற்குத் தனியாகப் புள்ளிக்கோடு போட்டார்களா? இல்லையே! உட்காரும் விதம் உன்னுடையது, உறவு நம்முடையது என்று உள்ளே வைத்துக்கொண்டார்கள்.

இந்தப் படிப்பில் ஒரு பெரிய வழக்கும் நடந்திருக்கிறது. நூல்போல மெலிந்த உடம்பு, இறகில் நரம்பும் குறைவு. இப்படி இருந்த பூச்சிகளையெல்லாம் உலகம் முழுவதும் பொறுக்கி, "ஒரே சாயல், ஒரே குடும்பம்" என்று நெடுங்காலம் எழுதி வைத்திருந்தார்கள். பிறகு மரபணுவைப் பார்த்தார்கள். கடலுக்கு இந்தப் பக்கத்துப் பூச்சிகள் சீப்புக்கால் குடும்பத்துக்குச் சொந்தம்! அந்தப் பக்கத்துப் பூச்சிகள் குளத்துக் குடும்பத்துக்குச் சொந்தம்! அந்த நூல் குடும்பத்தையே கலைத்துவிட்டார்கள். படித்தவர்கள், தாங்கள் எழுதியதைத் தாங்களே அழித்தார்கள். அதில் அவர்களுக்கு வெட்கமில்லை. தவறைத் திருத்துவதில் என்ன வெட்கம்? திருத்தாமல் திண்டாடுவதில்தான் வெட்கம்!

சரி, இன்று இவளுக்கு எதற்குப் பாராட்டு? மலையோடை ஒன்றில் ஓர் ஊசித்தட்டான். எந்தக் குடும்பத்திலும் ஒட்டவில்லை. அறிஞர்கள் வரைந்த மரத்தில் அதற்குப் போட்டிருந்தது என்ன? கேளுங்கள், நன்றாகக் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள்: புள்ளிக்கோடு! என் பேத்தி முழங்கால் தண்ணீரில் நின்றாள், அட்டைக்கு ரத்தம் கொடுத்தாள், இறகின் நரம்பைப் பார்த்தாள், தண்ணீருக்குள் வளரும் அதன் குஞ்சைப் பார்த்தாள், மரபணுவைப் பார்த்தாள். "இதன் குடும்பம் இது" என்று நிரூபித்துப் புள்ளியை அழித்து முழுக்கோடு போட வைத்தாள். புள்ளிக்கோட்டை அழித்ததற்காக ஒரு பெண்ணை மேடையேற்றிப் பூங்கொத்து கொடுத்துவிட்டு, அதே மண்டபத்துச் சுவரில் அவளுக்கே புள்ளிக்கோடு போடுகிறீர்களே, இது எந்த ஊர் நியாயம்? இந்தக் கைக்குப் பூங்கொத்து, அந்தக் கைக்குப் புள்ளியா?

போன வாரம் தலைவர் என் வீட்டுக்கு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அவர் நுனியில் உட்கார்ந்தாலே ஏதோ வில்லங்கம் என்று எனக்குத் தெரியும்.

"அண்ணி, சண்டையே வேணாம். இலை போடுறோம், பேரும் எழுதுறோம். காம்பு மட்டும் புள்ளிக்கோடு. யாருக்கும் மனசு நோகாது பாருங்க."

"யாருக்கும்னா யாருக்கு தம்பி?"

"அதான்... எல்லாருக்கும்."

"அவ அந்த 'எல்லாருக்கும்'ல இருக்காளா?"

தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். டம்ளர் காலியாகும்வரை குடித்தார். என் பேத்திதான் குறுக்கே வந்தாள். "விடுங்க பாட்டி. ஒரு இலைதானே. நாங்களும் புள்ளிக்கோடு போடுவோம். எங்க சேர்க்கறதுன்னு தெரியாதப்ப போடுறதுதான் அது."

தெரியாதபோது! பார்த்தீர்களா, இவள் என்னைச் சமாதானப்படுத்த வந்தாள், என் கையில் வாளைக் கொடுத்துவிட்டுப் போனாள். புள்ளிக்கோடு என்றால் 'எங்களுக்குத் தெரியவில்லை' என்று அறிஞர்கள் ஒப்புக்கொள்வது. அது அவர்களின் அடக்கம். உங்களுக்கு என்ன தெரியவில்லை? இவள் யார் மகள் என்று தெரியவில்லையா? யாரைப் பார்த்து முதலில் 'அம்மா' என்றாள் என்று தெரியவில்லையா? தெரிந்ததைத் தெரியாததுபோல வரைவதற்குப் பெயர் அடக்கம் அல்ல, அழும்பு!

என்ன வக்கீல் அண்ணே, எழுந்துவிட்டீர்கள்? சொல்லுங்கள், மைக் வேண்டாம், உங்கள் குரலுக்கு எதற்கு மைக்? என்ன, "நீங்க சொன்ன கதைப்படியே ரத்தம்தானே முடிவு பண்ணுச்சு? சாயலைத் தள்ளிட்டு மரபணுவைத்தானே பார்த்தாங்க?" என்கிறீர்களா? கை தட்டுங்கள், தட்டுங்கள். நல்ல கேள்வி. என் நாத்தனார் வீட்டுக்காரர் சும்மா கறுப்பு அங்கி போடவில்லை.

பதில் சொல்கிறேன், உட்காருங்கள்.

ஊசித்தட்டான் தாய் என்ன செய்கிறது? செடியின் தண்டைக் கீறி முட்டையைச் செருகுகிறது, பறந்துவிடுகிறது. பொரித்ததா என்று பார்க்க வருவதில்லை. பசித்ததா என்று கேட்க வருவதில்லை. குஞ்சுக்குத் தாயைத் தெரியாது, தாய்க்குக் குஞ்சைத் தெரியாது. வளர்ப்பு என்ற ஒன்றே அந்த இனத்தில் இல்லை அண்ணே! அதனால்தான் போய் மரபணுவைக் கேட்கிறார்கள். சாட்சி சொல்ல வேறு ஆளே இல்லை!

இங்கே சாட்சி இல்லையா? இதோ மூன்றாம் வரிசையில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, என் மருமகள், தையல் கடைக்காரி, அவள் சாட்சி இல்லையா? கைக்குழந்தையாக வந்தபோது இவள் தூங்கவே மாட்டாள். தையல் மிஷின் ஓடினால் மட்டும் கண் மூடுவாள். நிறுத்தினால் ஊரைக் கூட்டுவாள். தைக்கத் துணி இல்லாத நாட்களில் வெட்டுத் துண்டுகளை வைத்து வெறுமனே மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள் என் மருமகள். "ஏண்டி, கால் வலிக்கலையா?" என்றால், "வலிக்குது அத்தே. ஆனா இவ தூங்கறாளே" என்பாள். முட்டையிட்டுவிட்டுப் பறந்துபோகும் பூச்சிக்கு வைத்த அளவுகோலை, கால் வீங்க வீங்க மிஷின் மிதித்தவளுக்கு வைக்கிறீர்களே, உங்களுக்கு நாக்கு எப்படி வந்தது? கை எப்படி வந்தது?

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன், வாய் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். வக்கீல் அண்ணே, அந்த மரத்தில் மேலே வலப்பக்கம் கொழுத்த இலை ஒன்று இருக்கிறதே, அது உங்களுடையதுதானே? காம்பு கெட்டியாகத்தானே இருக்கிறது? நீங்கள் இந்த வீட்டு மாப்பிள்ளை. இந்த வீட்டு ரத்தம் உங்களுக்குள் எந்த வழியாக வந்தது? கொசு கொண்டுவந்ததா? நான் யார்? மருமகளாக வந்தவள். என் ரத்தம் வேறு வீட்டு ரத்தம். எனக்கும் முழுக்காம்பு! ரத்தம்தான் கணக்கு என்றால் இந்த மரத்தில் பாதிக் காம்பு புள்ளியாக வேண்டும். வரையுங்கள்! என்னிலிருந்து தொடங்குங்கள்! அவளுக்குப் புள்ளி என்றால் எனக்கும் புள்ளி. நான் கெஞ்ச வரவில்லை. இந்தக் குடும்பத்தில் நான் யாரிடமும் கெஞ்சிச் சாப்பிட்டதில்லை, என் பேத்தியும் கெஞ்சி இலை வாங்க மாட்டாள்.

தாய்மார்களே! வேறு வீட்டில் பிறந்து, இந்த வீட்டுப் பெயரைச் சுமந்து, இந்த வீட்டுப் பிள்ளைகளைப் பெற்று, இந்த வீட்டு நோயாளிகளைத் தூக்கி நிறுத்திய தாய்மார்களே! ரத்தம் இல்லாமல் காம்பு வாங்கிய நீங்கள் சொல்லுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு என்ன, இப்போதே சொல்லுங்கள். இவள் நம் பெண் என்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள்! முழங்கால் வலிக்கும் மூத்தோர் கை தூக்கினால் போதும்!

ஆகா. உட்காராதீர்கள், தலைவர் பார்க்கட்டும். அட, நாத்தனாரே, நீங்களுமா! வக்கீல் அண்ணே, உங்கள் பக்கத்து நாற்காலி காலியாகிவிட்டதே, கவனித்தீர்களா? வாசலில் நிற்கும் பிள்ளைகளே, நீங்கள் ஏற்கெனவே நிற்கிறீர்கள், உங்கள் கணக்கு செல்லாது, கையைத் தூக்குங்கள்! தலைவர் தம்பி, எண்ணிப் பார்க்க வேண்டுமா, கண்ணால் பார்த்தால் போதுமா?

தலையாட்டுகிறார். இந்தத் தலையாட்டலை நான் நம்ப மாட்டேன், வாயால் சொல்லச் சொல்லுங்கள். என்ன? "சரி அண்ணி" என்கிறார். எல்லோரும் கேட்டீர்கள் அல்லவா? சாட்சி நீங்கள்.

பெயின்டர் தம்பி ஏணியிலிருந்து ஏதோ கேட்கிறார். கொஞ்சம் அமைதி. "காம்புக்கு என்ன கலரும்மா?" என்கிறார்.

மற்ற காம்பெல்லாம் என்ன கலரோ, அதே கலர் தம்பி.

எழுந்து நின்ற தாய்மார்களுக்கும், முழங்கால் வலியோடு கை தூக்கிய மூத்தோர்களுக்கும், எதிர்த்துக் கேட்டு என் வாயைத் திறக்க வைத்த வக்கீல் அண்ணனுக்கும் நன்றி சொல்லி, பெயின்ட் காய்கிறவரை யாரும் அந்தச் சுவரில் சாய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன். வணக்கம்.