வீரம்மாள் வரைஞ்ச மலை

ஆணியப் புடுங்குங்கன்னா புடுங்கணும் தம்பி. அத்த வுட்டுட்டு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னா என்னா அர்த்தம்? பிரேமு போட்டு அடிச்சவரு நீங்கதான, புடுங்கத் தெரியாதா? பின்னால ஒட்டுன காக்கி பேப்பரு கிழிஞ்சா கிழிஞ்சிட்டுப் போவுது. படத்த வெளிய எடுத்துக் குடுங்க. அந்த மூலைல குந்தி மலைய மட்டும் ஒரு தேய்ப்பு தேய்ச்சுட்டுக் குடுத்துடறன். அஞ்சு நிமிசம். ரப்பரு கூட நானே கொண்டாந்துருக்கறன், பாருங்க, புது ரப்பரு.

இருங்க, இருங்க. நீங்க அப்பறம் சொல்லலாம். சாப்பாட்டு மணில ஓடியாந்துருக்கறன், ரெண்டு மணிக்குக் கம்பெனில இருக்கணும். நேத்தே வந்தன், ஞாயித்துக்கெழமன்னு கடைய சாத்திட்டு எங்கியோ போயிட்டீங்க. ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமே இல்ல. ஏன் அத்த அப்பிடி நெஞ்சோட அணைச்சுப் புடிச்சுக்கிட்டு நிக்கறீங்க? நான் என்னா புடுங்கிக்கிட்டா ஓடப் போறன்?

இந்தப் படத்த நம்பித்தான் தம்பி எங்க வூட்டு நல்லதும் கெட்டதும் கெடக்குது. வெள்ளிக்கெழம எம் பொண்ணு தமிழினிக்கு வளைகாப்பு. மாப்ள வூட்டுல, மங்கலம்பேட்டைல. வளையல போட்டுட்டு, பொண்ண எங்கூட தலப்பிரசவத்துக்குக் கூட்டிக்கிட்டு வரணும். வரணும்னா சம்மந்தியம்மா அனுப்பணும். அனுப்பணும்னா எங்கூடப் பேசணும். பேசி எட்டு மாசம் ஆவுது. அந்த அம்மா பேரு பாஞ்சாலை. "உங்கம்மா ஒரு இயற்கைக் காட்சி வரைஞ்சு கொண்டாந்து எங்கூட்டு நடுச்செவுத்துல மாட்டட்டும், அப்பறம் பேசுவோம்"னு எம் பொண்ணுகிட்ட சொல்லிவுட்டுச்சு. நான் டிராயிங் கிளாசுக்குப் போறது அதுக்கு எப்பிடியோ தெரிஞ்சுபோச்சு. கிண்டலா சொன்னாளோ, நெசமா சொன்னாளோ, நான் புடிச்சுக்கிட்டன்.

இந்தக் கிளாசுக்கு நான் ஏன் போனன்னு கேளுங்க. கேக்கலன்னாலும் சொல்றன். நான் இருவத்திரெண்டு வருசமா செராமிக் கம்பெனில பொம்மைக்குக் கண்ணு வரையறவ. கிருஷ்ணனுக்குக் கண்ணு, புள்ளையாருக்குக் கண்ணு, வாத்துக்குக் கண்ணு. ஒரு நாளைக்கி முந்நூறு கண்ணு. அந்தத் திமிருலதான் போனன். ரயிலடி மண்டபத்து மாடில, ஞாயித்துக்கெழம காலைல, கார்முகில்னு ஒரு டிராயிங் சாரு, புதுசா கத்துக்கறவங்களுக்கு இயற்கைக் காட்சின்னு போர்டு வச்சிருந்தாரு. நாம போயி ரெண்டு கோடு இழுத்தா சாரே எழுந்து கும்புடுவாருன்னு நெனச்சன். அடேங்கப்பா, எவ்ளோ நெனப்பு எனக்கு!

மொத நாளு எல்லாரையும் அவங்கவங்களுக்குத் தெரிஞ்ச காட்சிய வரையச் சொன்னாரு. வரைஞ்சன். ரெண்டு மலை, நடுவுல சூரியன், கீழ ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னமரம், நாலு காக்கா. திரும்பிப் பாக்கறன், பதினாறு பேரும் அதேதான் வரைஞ்சு வச்சிருக்கறாங்க. பல்லு டாக்டரு ஒருத்தரு வராரு, அவரும் அதேதான். சாரு கேட்டாரு, "ஏம்மா, இந்த ஊர்ல எங்கம்மா மலையப் பாத்தீங்க?"ன்னு. நாக்கப் புடுங்கிக்கலாம் போல ஆயிடுச்சு. பழமலைன்னு சாமி பேரு இருக்குது, ஊரு பேர்ல மலை இருக்குது, மொட்ட மாடில ஏறி நாலு பக்கமும் சுத்திப் பாத்தாலும் தண்ணி டேங்க்குக்கு மேல ஒசரமா ஒண்ணியும் இல்ல. இதுல எங் காக்காயிங்க ஒவ்வொண்ணுக்கும் நான் கண்ணு வேற வச்சிருந்தன். இமை கூட இருந்துச்சு. பழக்கம்.

அதுக்கப்பறம் ஒரு மணி நேரம் ஒரே கோடு. வானமும் பூமியும் தொடற கோடாம். அத்த நேரா போட எனக்கு மூணு வாரம். தூரத்துல இருக்கறது வெளிறிப் போயி இருக்கணும், கிட்டக்க இருக்கறது கருப்பா அழுத்தமா இருக்கணும். இலைய ஒவ்வொண்ணா வரையக் கூடாது, மொத்தமா நெழலாப் பாக்கணும். நான் விடுவனா? ஒரு வேப்பமரத்துக்கு இலை இலையா வரைஞ்சன், ரெண்டு நாளு. சாரு பாத்துட்டு, "பூண்டு மாலையாம்மா?"ன்னாரு. அன்னிக்கி வூட்டுக்கு நடந்தே போனன் தம்பி, பஸ்ஸுல ஏறி நாலு பேரு மூஞ்சியப் பாக்கவே வெக்கமா இருந்துச்சு.

என்னா? காலைல யாரோ வந்தாங்களா? யாராச்சும் வந்துட்டுப் போவட்டும் தம்பி, கடைன்னா நாலு பேரு வரத்தான் செய்வாங்க. நான் சொல்றத முடிச்சுக்கறன்.

அப்பறம் நேரா பாத்து வரையிங்கன்னு சொன்னாரா, மங்கலம்பேட்ட ரோட்டுல ஒரு ஏரி இருக்குதில்ல, அந்தக் கரைல போயிக் குந்துனன். பென்சில நீட்டிப் புடிச்சு, ஒரு கண்ண மூடிக்கிட்டு, பனமரம் எத்தினி ஒசரம்னு அளக்கச் சொல்லியிருந்தாரு சாரு. நானும் அளந்துக்கிட்டு இருக்கறன். ஒரு பெரியவரு வரப்பு மேலயே ஓட்டமா ஓடியாறாரு. "யம்மா, ரோட்டுக்கு நெலம் எடுக்கறீங்களா, நெலக்கரிச் சொரங்கத்துக்கு எடுக்கறீங்களா? அது எம் பங்கு நெலம், பட்டா இருக்குது!" நான் படம் வரையறன்னு சொன்னா நம்பல. பின்னாலயே நாலு பேரு வந்துட்டாங்க. கடைசில நோட்ட வாங்கிப் பாத்துட்டுத்தான் அடங்குனாங்க. "சர்வே ஆபீசுல இவ்ளோ மோசமா வரைய மாட்டாங்க, இது நெசமாவே படம்தான்"னு அவரே சர்டிபிகேட்டு குடுத்துட்டு எளநி வெட்டிக் குடுத்தாரு. அதான் இந்தப் படம். இந்த ஏரி, இந்தப் பனமரம், இந்தக் கரை.

மலையா? ஏரிக்குப் பின்னால மலை எங்கேருந்து வந்துச்சுன்னுதான கேக்கறீங்க? அங்கதான் வரன்.

ஒங்களுக்கு எங்க தொழிலு தெரியுமா தம்பி? ஒரு வாட்டி சுட்ட பொம்மை சுண்ணாம்பாட்டம் வெள்ளையா வரும். அது மேல பென்சில்ல அடையாளம் போட்டுக்கிட்டு, அப்பறம் கலரு தீட்டி, மறுபடி சூளைக்கு அனுப்புவோம். சூளைல கலரு நிக்கும், பென்சிலு நிக்காது. எரிஞ்சு பூடும். கோடு இருந்த எடம் கூடத் தெரியாது. அதனால எனக்கு ஒரு பழக்கம். எனக்கு மட்டும் இல்ல, அங்க இருக்கற பொம்பளைங்க பாதிப்பேருக்கு இருக்குது. மனசுல என்னா கோவமோ அத்த பொம்மை முதுவுல பென்சில்ல எழுதிடுவோம். சூப்பர்வைசர திட்டி எழுதுவன். வூட்டுக்காரர எழுதுவன். ஒரு புள்ளையாரு முதுவு பூரா என் நாத்தனாரப் பத்தி எழுதுனன், மூணு வரி. மேல கலர அடிச்சு சூளைக்கு அனுப்பிட்டா மறுநாளு சாமி பளபளன்னு வந்துடும், எம் மனசும் லேசா ஆயிடும். இருவத்திரெண்டு வருசம். பென்சில்ல எழுதுனது எதுவும் நிக்காதுன்னு என் கைக்குப் பழகிப்போச்சு தம்பி.

போன வியாழக்கெழம படம் முடியிற நேரம், எம் பொண்ணு போன் போட்டா. "யம்மா, எங்க மாமியா கேக்கறாங்க, படமாச்சும் ஒழுங்கா இருக்குமா, அதுவும் செகண்ட்ஸான்னு." செகண்ட்ஸுன்னா கழிச்சுப் போட்ட ரெண்டாந்தரச் சரக்கு. எனக்கு உச்சந்தலைல சுர்ருனுச்சு. கைல பென்சிலு இருக்குது. நல்லா சீவுன, கெட்டிப் பென்சிலு. எழுதிட்டன்.

எங்க எழுதுனன்? ஏரிக்கு மேல, வானத்துல. அழுத்தி. எழுதி முடிச்சுட்டுத்தான் பாக்கறன். இது பேப்பரு ஆச்சே, சூளைக்கா போவப் போவுது? ரப்பரு போட்டன், கருப்பு போச்சு, அழுத்துன பள்ளம் போவல. சரின்னு அது மேல மெத்துனு இருக்கற பென்சில வச்சு ஒரு மலைய வரைஞ்சு மூடிட்டன். புரியுதா இப்ப? இந்த ஊர்ல மலை மொளைச்ச கதை இதான். மேல கண்ணாடி போட்டா தெரியாதுன்னு சனிக்கெழம ஒங்ககிட்ட கொண்டாந்து குடுத்துட்டு நிம்மதியா போனன்.

நேத்து கிளாசுல சாரு புல்லு வரையக் கத்துக் குடுக்கறாரு. "மொதல்ல மை தீந்த பேனாவால பேப்பர்ல அழுத்திக் கோடு போடுங்க. அப்பறம் பென்சில மேலாப்புல தேய்ங்க. பள்ளத்துல பென்சிலு எறங்காது, கோடு வெள்ளையா பளிச்சுன்னு தெரியும்." தேய்ச்சன். தெரிஞ்சுது தம்பி, ஒவ்வொரு புல்லும் பளிச்சுன்னு! எல்லாரும் கை தட்டறாங்க, நான் மட்டும் நோட்ட சுருட்டிக்கிட்டு ஒங்க கடைக்கு ஓடியாந்தன். எம் மலைல ஒவ்வொரு எழுத்தும் அப்பிடித்தான எந்திரிச்சு நிக்கும்? நேரா பாத்தா தெரியாது. சாய்ச்சுப் பாத்தா தெரியும். சம்மந்தி இருக்கறாளே, அவ எதையும் சாய்ச்சுத்தான் பாப்பா. அவளும் பத்து வருசம் வேற செராமிக் கம்பெனில சரக்குப் பாத்துக் கழிக்கிற வேலைல இருந்தவ. கொண்டைல பென்சில சொருவிக்கிட்டு, வெளிச்சத்துல சாய்ச்சு, தட்டிப் பாத்து, வீறல் இருந்தா அடில ஒரு குறி. அந்தக் கண்ணு எங்க போவும்?

என்னா எழுதுனன்னு கேக்காதீங்க. சரி சொல்றன். "கப்பத் தட்டிப் பாக்கத் தெரிஞ்ச பாஞ்சாலைக்கு மனுசியப் பாக்கத் தெரியல. ஒன் மூஞ்சிதான்டி செகண்ட்ஸு."

சிரிக்காதீங்க தம்பி. வயித்தெரிச்சல்.

கல்யாண சீர்ல கப்பு சாசர் வச்சன். ஆறு. ரோசாப்பூ போட்டது. சபைல எல்லாரும் இருக்கச்சொல்ல அவ ஒரு கப்ப எடுத்து நெகத்தால தட்டுனா. நல்ல கப்புன்னா மணியாட்டம் கேக்கணும். டொக்குன்னுச்சு. அடுத்தது, டொக்கு. "செகண்ட்ஸா சம்மந்தி?"ன்னு கேட்டா. அவ்ளோதான். எம் பொண்ணப் பெத்த வயிறு பத்திக்கிச்சு. நான் கத்துன கத்துல நாதஸ்வரக்காரரே நிறுத்திட்டாரு. எங் கம்பெனி சரக்க எவ கொற சொல்றதுன்னு கேட்டன், ஒன் காதுதான் கோளாறுன்னு சொன்னன், எட்டு மாசமா ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரியறன்.

இப்ப ஒங்ககிட்ட மட்டும் சொல்றன், வெளிய சொல்லிடாதீங்க. செகண்ட்ஸுதான். கழிச்சுக் கட்டுன குவியல்லேருந்து நானே பொறுக்குனன். பூவு நல்லா விழுந்துருந்துச்சு, வீறலு கண்ணுக்குத் தெரியாது, யாரு தட்டிப் பாக்கப் போறான்னு நெனச்சன். ஊர்ல இத்தினி பேரு இருக்க, தட்டிப் பாக்கறவ வூட்டுலயே பொண்ணக் குடுத்து வச்சிருக்கறன் பாருங்க. அவமேல ஒரு தப்பும் இல்ல. தப்பு பூரா எம்மேலதான். அத்த ஒத்துக்கத்தான் தம்பி படம் வரைஞ்சன், அதுலயும் போயி திட்டி எழுதி வச்சிருக்கறன். எங் கைய சூளைல வைக்க! எம் பொண்ணு ஏழு மாசத்து வயித்தோட வாசலப் பாத்துக்கிட்டு நிக்கறா. அதான், ஆணியப் புடுங்குங்க, கையெடுத்துக் கும்புடறன்.

என்னா தம்பி திரும்பத் திரும்ப காலைல, காலைலன்னு? சரி சொல்லுங்க. ஒரு அம்மா வந்தாங்க. முருகன் படம் வாங்கிக்கிட்டுப் போவ. சரி. இந்தப் படத்த எடுத்துப் பாத்தாங்க. வெளிச்சத்துல சாய்ச்சு... சாய்ச்சா? சாய்ச்சுப் பாத்தாங்களா? கீழ எங் கையெழுத்தப் பாத்துட்டு, "இது எஞ் சம்மந்தி"ன்னு சொன்னாங்களா?

ஐயய்யோ. ஐயய்யோ தம்பி. இத்த மொதல்லயே சொல்லக் கூடாதா? நான் வுடலயா? ஆமா, நான் எங்க வுட்டன்... தண்ணி இருந்தா குடுங்க.

என்னா, சிரிச்சாங்களா? எப்பிடி சிரிச்சாங்க? சத்தமாவா? கொண்டைலேருந்து பென்சில எடுத்து பின்னால எழுதிட்டுப் போனாங்களா? அதான் காக்கி பேப்பரக் கிழிக்க வுடாம அணைச்சுக்கிட்டு நிக்கறீங்களா? திருப்புங்க. திருப்புங்க சொல்றன்.

"வீரம்மா. மலைல இருக்கறதப் படிச்சுட்டன். கப்பு செகண்ட்ஸுதான். நீ குடுத்த பொண்ணு மொதத் தரம். வெள்ளிக்கெழம வெள்ளனவே வந்து கூட்டிக்கிட்டுப் போ. ஏரி நல்லாருக்குது. மலை சரியில்ல. பாஞ்சாலை."

...

அழுவறன் தம்பி. அழுவாம என்னா பண்ணச் சொல்றீங்க? மொதத் தரமாம். எம் பொண்ணு. பத்து வருசம் நல்லது கெட்டது பிரிச்சவ வாயால.

ஆணியா? அய்ய, கைய வைக்காதீங்க! யாரு புடுங்கச் சொன்னது? பின்னாலயும் ஒரு கண்ணாடி போடுங்க. ரெண்டு பக்கமும் தெரியிற மாதிரி. ரப்பர நீங்களே வச்சுக்குங்க. நான் வரன், மணி ஆவுது.

அது கெடக்கட்டும், மலை சரியில்லன்னு எழுதியிருக்கறா பாருங்க. இந்த ஊர்ல பொறந்து மங்கலம்பேட்டைல வாக்கப்பட்டவ, அவ எங்க தம்பி மலையப் பாத்தா?