புதினாப் பாத்திக்குப் பின்னால்

அக்கா: ...அதெல்லாம் எனக்குத் தெரியாது. எதிர்வீட்டு வாத்தியார் ஜன்னலையே சாத்திட்டாரு. கைக்குட்டையை முகத்துல வெச்சுக்கிட்டே வந்து பேசிட்டுப் போறாரு.

தம்பி: அவருக்கு எப்பவுமே மூக்குக்கு மேல கோவம்.

அக்கா: கோவம் இல்லடா. நாத்தம். உன் தோட்டம் நாறுது.

தம்பி: உரம்னா நாறத்தான் செய்யும். பின்ன, பன்னீர் தெளிச்ச மாதிரியா இருக்கும்?

அக்கா: தையல் மிஷினை நிறுத்திட்டு வந்து நிக்கிறேன். பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள யூனிஃபார்ம் எல்லாம் முடிக்கணும். நீ என்னடான்னா கொட்டுற மழையில குடை பிடிச்சுக்கிட்டு...

தம்பி: குடை எனக்கில்லக்கா.

அக்கா: பின்ன?

தம்பி: தக்காளிக்கு. நான்தான் நனையறேனே, பாத்தா தெரியல?

அக்கா: கடவுளே... அது ஏன்டா எல்லாம் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது?

தம்பி: தண்ணி அதிகமானா வெடிச்சிடுமாம். என்னைப் பாத்துச் சிரிக்குதுன்னுதான் நான் நெனைச்சிட்டிருந்தேன்.

அக்கா: வெள்ளரிக்காய் என்னாச்சு? இலை எல்லாம் வெள்ளையா?

தம்பி: பூஞ்சை. சமையல்காரன் வீட்டுக் கொடி இல்லையா... தானாவே மாவுல புரண்டு, எண்ணெயில குதிக்கத் தயாரா நிக்குது.

அக்கா: பீன்ஸ் மட்டும் நல்லாப் படர்ந்திருக்கு.

தம்பி: ஆமா. உன் துணிக் கொடியில. நேத்து உன் போர்வையை எடுக்கப் போனேன், விட மாட்டேங்குது. கடைசியில போர்வையை அங்கேயே விட்டுட்டு வந்துட்டேன்.

அக்கா: நல்ல விவசாயிடா நீ. கோடை முழுக்க மண்ணைக் கிளறினதுக்கு மகசூல்தான் என்ன?

தம்பி: நத்தை. ஒவ்வொண்ணும் கொழுகொழுன்னு... என் கண்ணே பட்டுடும் போல இருக்கு.

அக்கா: சிரிக்க வெக்காத. நான் கோவமா வந்திருக்கேன்.

தம்பி: சரி. கோவப்படு.

அக்கா: கேன்டீன் முதலாளி நேத்தும் போன் பண்ணாரு. மில்லுல புது ஷிஃப்ட் ஆரம்பிச்சுட்டாங்களாம். "உங்க தம்பி வருவானா, இல்ல வேற ஆளைப் பாக்கட்டுமா"ன்னு கேக்கறாரு. நான் என்ன சொல்லட்டும்?

தம்பி: மழை விடட்டும்னு சொல்லு.

அக்கா: அடுப்புக்கும் மழைக்கும் என்னடா சம்பந்தம்? காய்ச்சல்ல அடிபட்டுட்டேன், கொஞ்ச நாள் ஓய்வுன்னு வந்தே. வந்த கையோட மண்வெட்டியைத் தூக்கினே. இது எந்த ஊர் ஓய்வு?

தம்பி: ...அக்கா, அந்தப் பக்கம் மிதிக்காத. கொத்தமல்லி.

அக்கா: எங்க?

தம்பி: இருந்துச்சு.

அக்கா: தினம் காலையில இங்க வந்து இலையைக் கிள்ளிக் கசக்கறியே, அது எதுக்கு?

தம்பி: சும்மா... செடிக்கு நல்லதுன்னு...

அக்கா: கண்ணை மூடு.

தம்பி: எதுக்கு?

அக்கா: மூடுடா. இந்தா, இது என்ன இலை?

தம்பி: சின்னப் புள்ளை விளையாட்டா? கற்பூரவல்லி. தடியா, பூனைக் காது மாதிரி இருக்கே.

அக்கா: இது?

தம்பி: சுருக்கம் சுருக்கமா... ஓரத்துல பல்லு பல்லா... புதினா.

அக்கா: கண்ணைத் திற. பாத்தி ஓரத்துல மண்டிக் கிடக்கற களைடா அது. இலையைக் குடுத்தா மோந்து பாக்காம தடவிப் பாத்துச் சொல்ற சமையல்காரனை இப்பத்தான் பாக்கறேன்.

தம்பி: ...மழை வலுக்குது. உள்ள போலாம்.

அக்கா: பேச்சை மாத்தாத. சொல்லுடா.

தம்பி: போச்சுக்கா.

அக்கா: எது?

தம்பி: மூக்கு. இருக்கு... ஆனா ஒரு வேலையும் செய்யறதில்ல. இனிமே கண்ணாடி மாட்டத்தான் உதவும்.

அக்கா: அந்தக் காய்ச்சல்லயா?

தம்பி: ஆமா. திரும்ப வேலைக்குப் போன முதல் நாள்... பெரிய அண்டா நிறைய வெங்காயம். அடியில கருகிப் புகையுது. வரிசையில நிக்கறவங்க எல்லாம் ஜன்னல் வழியா கத்தறாங்க. நான் பக்கத்துல நின்னு கிண்டிக்கிட்டே பாட்டுப் பாடிட்டிருக்கேன். நான் பாடறதுக்குத்தான் கத்தறாங்கன்னு நெனைச்சு, குரலை வேற உசத்தினேன்.

அக்கா: ஐயோ...

தம்பி: அன்னிக்கே லீவு சொல்லிட்டு இங்க வந்துட்டேன். டாக்டர் சொன்னாரு... ஒரே வாசனையை தினம் தினம் மோந்து பாத்தா, மூக்குக்கு ஞாபகம் திரும்பலாமாம். "திரும்பும்"னு சொல்லல. "திரும்பலாம்." அதுக்குத்தான் புதினா, கற்பூரவல்லி எல்லாம்.

அக்கா: அப்ப இந்த முட்டைக்கோஸ், தக்காளி, பீன்ஸ்?

தம்பி: வெறும் வாசனைச் செடியா வெச்சா நீ தோண்டித் துருவிக் கேப்பே. அதான் சுத்தி கொஞ்சம்...

அக்கா: முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். மூக்கை முட்டைக்கோஸ்ல மறைச்சவன் நீ ஒருத்தன்தான்டா!

தம்பி: மறைச்சேனா இல்லையா? உனக்குத் தெரியவே இல்லல்ல?

அக்கா: தெரியும்.

தம்பி: என்னது?

அக்கா: நீ வந்த புதுசுலயே தெரியும். அன்னிக்கு கேஸ் கசிஞ்சு வாசல் வரைக்கும் நாத்தம். ஓடி வரேன்... நீ அடுப்பு முன்னால தீப்பெட்டியும் கையுமா நிக்கறே.

தம்பி: அன்னிக்கா... பூனை உள்ள பூந்துடுச்சுன்னு தானே தீப்பெட்டியைப் புடுங்கிட்டு என்னை வெளிய துரத்தினே?

அக்கா: பின்ன என்னத்தைச் சொல்றது? அதுலேர்ந்து சிலிண்டரைத் திறக்கறதும் மூடறதும் நான்தான். நீ கவனிச்சதே இல்ல.

தம்பி: ஏன்க்கா கேக்கல?

அக்கா: நீயா சொல்லணும்னு இருந்தேன். வாயைத் திறந்தா நத்தைக் கதையா அளந்துட்டிருந்தே.

தம்பி: சரி விடு. இனிமே கவலையில்ல. திங்கக்கிழமை வேலைக்குப் போறேன்.

அக்கா: எங்க?

தம்பி: கேன்டீனுக்குத்தான். காலையிலயே முதலாளிக்குப் போன் பண்ணிட்டேன்.

அக்கா: டேய்... மூக்கு?

தம்பி: மூக்கு இல்லாட்டி என்ன, கை இருக்கு. அந்தத் தைரியத்தைக் குடுத்ததே நீதானே?

அக்கா: நானா?

தம்பி: தினம் நான் சமைச்சதைச் சாப்பிட்டுத் தட்டை வழிச்சு வெச்சு, "அப்படியே உன் பழைய கை ருசிடா"ன்னு சொன்னது யாரு? நேத்துக்கூட சொன்னியே.

அக்கா: அது... நேத்து பசி...

தம்பி: போன வாரம்?

அக்கா: ...அங்க எத்தனை பேர்டா சாப்பிடுவாங்க?

தம்பி: முந்நூறு பேருக்குக் குறையாது.

அக்கா: வேணாம்டா. போகாத.

தம்பி: ஏன்?

அக்கா: அன்னிக்குத் தலைவலின்னு ரெண்டு நாள் படுத்திருந்தேனே... தலை இல்ல. வயிறு. திரிஞ்ச பாலை ஊத்தி சூப் வெச்சிருந்தே. எண்ணெய் சிக்கு வாடை அடிச்சா உனக்குத் தெரியறதில்ல. அடிப்பிடிச்சா தெரியறதில்ல. உப்பு மட்டும் சரியா இருக்கும்.

தம்பி: அப்ப காலியா இருந்த தட்டு?

அக்கா: முடிஞ்சதைச் சாப்பிடுவேன். மிச்சத்தை... நீ குளிக்கப் போன நேரமாப் பாத்து...

தம்பி: பாத்து?

அக்கா: புதினாப் பாத்திக்குப் பின்னால, அழுகின இலை போடறியே, அந்தக் குழியில கொட்டி மண்ணைத் தள்ளிடுவேன். இந்தப் பாழாப்போன மழை விட்டாத்தானே? அரிச்சு அரிச்சு... வாத்தியார் வீட்டுக்கு நாறினது உன் உரம் இல்லடா. உன் சமையல். மனசு கஷ்டப்படுவேன்னுதான்டா... டேய், தோள் குலுங்குதே, அழறியா? இல்ல... சிரிக்கறியா? என்னடா சிரிப்பு?

தம்பி: எத்தனை மாசம் கழிச்சு என் சமையல் வாசம் தெருவைத் தாண்டிப் போயிருக்கு... சிரிக்காம?

அக்கா: விளையாடாத. முதல்ல முதலாளிக்குப் போனைப் போட்டு, திங்கக்கிழமை வரலைன்னு சொல்லு. நான் வேணா பேசறேன். குடு போனை.

தம்பி: வேணாம்க்கா. நான் யாருக்கும் போன் பண்ணல. ராத்திரி மழையில அந்தக் குழி வாயைத் திறந்துடுச்சு. விடிஞ்சு வந்து பாக்கறேன்... என் முட்டைக்கோஸ் தன்னைத் தானே நறுக்கிக்கிட்டு, தானே வெந்துக்கிட்டு, கேரட்டைக் கட்டிப் பிடிச்சுப் படுத்திருக்கு. உன் வாயால உண்மை வரட்டும்னுதான் திங்கக்கிழமைன்னு ஒரு போடு போட்டேன். நீ நல்லாருக்கு நல்லாருக்குன்னே சொல்லிட்டிருந்தா, நான் எதை வெச்சுக்கா திரும்பக் கத்துக்கறது? வா, அடுப்புகிட்ட உனக்கு ஸ்டூல் போட்டு வெச்சிருக்கேன். நான் சமைக்கறேன், நீ மோந்து பாரு... கருகினா, கருகுதுன்னு சொல்லு.